பக்கி விற்பனைக்கு இல்லை

என் நாத்தனார் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்றே அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை மூண்டுவிட்டது. காரிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தவள் வீட்டைப் பார்க்கவில்லை, ஷெட்டைத்தான் பார்த்தாள். பக்கி ஏன் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறது என்று கேட்டாள். என் கணவர் வாசலில் போட்டிருந்த சாய்வுப் பலகையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டு, ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார், நல்ல மனிதர், வந்து பார்ப்பார் என்றார்.

"யாரக் கேட்டு?"

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"அது என் வண்டி. தார்ப்பாய எடு."

அவர் எடுக்கவில்லை. நான்தான் போய் அதைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். இல்லாவிட்டால் அவள் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்க மாட்டாள். வீட்டில் அவளுக்கு ஆணி என்று பெயர். அடித்த இடத்தில் நிற்பாள். பிடுங்கப் போனவர் கைதான் கிழியும்.

பக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜீப்பும் இல்லாமல் டிராக்டரும் இல்லாமல் நடுவில் ஒரு பிறவி அது. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, முதுகுக்குப் பின்னால் இன்ஜின், அதற்கும் பின்னால் சரக்குத் தொட்டி. நான்கு சக்கரமும் தனித்தனியாக எகிறி இறங்கும் என்பதால் கல், சேறு, ஓடை என்று எதையும் பார்க்காது. எங்கள் ஆரஞ்சுத் தோட்டம் மலைச்சரிவில் தட்டுத் தட்டாக ஏறுகிறது. மேல்தட்டுக்கு லாரி வராது, டிராக்டர் போனால் கவிழும். இந்த வண்டி மட்டும் ஏறும். buggy என்ற ஆங்கிலப் பெயர்தான் எங்கள் வாயில் பக்கி ஆனது. ஆனால் அது பெட்ரோல் குடிக்கிற குடிக்கு, தமிழிலும் அந்தப் பெயர் பொருந்தியே இருந்தது.

யாரோ ஓட்டித் தேய்த்துக் கைவிட்டதை என் நாத்தனார் வாங்கி வந்தாள். வயிற்றுப்பகுதி கல்லில் இடிக்காமலிருக்கத் தகடு போட்டாள். ஸ்பிரிங்கை மாற்றினாள். ஓடையில் இறங்கும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் போகக்கூடாது என்று மூச்சுக்குழாயைக் கூண்டு உயரத்துக்குத் தூக்கிவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள், மாலையானால் அந்த வண்டிக்கு அடியில்தான் குடித்தனம் நடத்தினாள். என் கணவருக்கு அது பிடிக்காது. தோட்டத்தில் மேல்பாதி அவளுடையது, கீழ்ப்பாதி எங்களுடையது என்பதால் வாயைத் திறக்க மாட்டார்.

மழைக்காலத்தில் மேல்தட்டின் தடுப்புச்சுவர்மேல் நின்று தண்ணீர்க் குழாயை அடைத்திருந்த குப்பையை எடுத்துக்கொண்டிருந்தாள். ஊறியிருந்த சுவர் அவளோடு சரிந்தது. கீழ்த்தட்டில் முதுகு அடிபட விழுந்தாள். என் கணவர்தான் பலகையில் படுக்கவைத்து, ஆட்களோடு சேர்ந்து சுமந்து இறக்கினார். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவள் தன் இரண்டு கைகளையும் தூக்கிப் பார்த்தாள். பிறகு, கைக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு அர்த்தம் எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. பக்கிக்கு கியர் கையால் போடுவதுதான், ஸ்டீயரிங்கும் கைக்குத்தான். காலுக்கு இருக்கிற வேலை இரண்டு பெடல் மட்டும். அந்த இரண்டையும் கைக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கணக்குப் போட்டு முடித்திருந்தாள்.

வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தாள். அப்படியெல்லாம் மாற்றக் கூடாது, மாற்றினால் வாரண்டி போய்விடும் என்றார்கள். வாரண்டி முடிந்து வெகுகாலமாகிவிட்டது என்றாள். அப்படியானாலும் கூடாது, மாற்றிய வண்டியை எங்களிடம் கொண்டுவராதீர்கள் என்றார்கள். சரி என்று போனை வைத்துவிட்டு, எங்கள் வீட்டு கேட்டைச் செய்த வெல்டரை அழைத்துவரச் சொன்னாள்.

அந்த மனிதருக்கு முதல் வார்த்தை எப்போதும் முடியாது என்பதுதான். எங்கள் கேட்டுக்கே முடியாது என்று சொல்லித்தான் ஆரம்பித்தார். பக்கியைச் சுற்றி வந்தார், உள்ளே தலையை விட்டார், முடியாது என்றார். அவள் ஒரு அட்டைப்பெட்டியைக் கத்தரித்து வைத்திருந்தாள். ஸ்டீயரிங்குக்கு இடப்பக்கம் ஒரு நெம்புகோல். தன்பக்கம் இழுத்தால் ஆக்ஸிலேட்டர், முன்னால் தள்ளினால் பிரேக். இரண்டு கம்பிகள் இரண்டு பெடலுக்கும் போகும். அட்டையை அந்த இடத்தில் பொருத்திக் காட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வளைவு தப்பு, முழங்கால் இடிக்கும் என்றார். இடித்தாலும் எனக்குத் தெரியாது என்றாள் அவள். அவர் சிரிக்கலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார்.

அட்டையிலேயே பலமுறை வெட்டி ஒட்டிப் பார்த்த பிறகுதான் இரும்பைத் தொட்டார்கள். பழைய கார்க் கடையிலிருந்து இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்கிற சீட் ஒன்று வந்தது. இடுப்புக்குக் கீழே பிடிப்பு இல்லாதவர் வளைவில் சாய்ந்துவிடாமலிருக்க அது வேண்டும். தோளுக்கும் இடுப்புக்கும் நான்கு பட்டை பெல்ட். கால்கள் துள்ளி பெடலில் விழாமலிருக்க ஒரு தகட்டுத் தடுப்பு. நாற்காலியிலிருந்து சீட்டுக்கு வழுக்கி மாற ஒரு பலகை. மேலே கூண்டில், பிடித்து எழும்பத் தடித்த வார் ஒன்று. வேலை முடிந்த அன்று வெல்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொருந்தும்னு சொல்றேன். ஓடும்னு நான் சொல்லல."

முற்றத்தில் ஓடியது. சுற்றிச் சுற்றி வந்தாள். அவள் முகத்தில் பழைய ரத்தம் வந்ததை அன்றுதான் பார்த்தேன். பிறகு யாரிடமும் கேட்காமல் மலைப்பாதையில் திருப்பிவிட்டாள். என் கணவர் நிறுத்து நிறுத்து என்று பக்கத்திலேயே ஓடினார். முதல் செங்குத்தில் அவள் நெம்புகோலை முழுதாக இழுத்தாள். இன்ஜின் தொண்டையில் ஏதோ சிக்கியதுபோலத் திணறியது. மீட்டரில் கோளாறு என்று காட்டும் ஸ்பானர் படம் ஒன்று எரிந்தது. வண்டி எறும்பாக ஊர்ந்து, நின்று, பின்னால் நழுவியது. அவள் பிரேக்கைத் தள்ளி, பின்சக்கரத்தைப் பாதையோர மேட்டில் அணைத்து நிறுத்திவிட்டாள். ஆனால் அந்த நழுவலைப் பார்த்த என் கணவர் டிராக்டரை எடுத்துவர ஓடினார்.

டிராக்டரால் கட்டி இழுத்துத்தான் இறக்கினோம். அன்று மாலை அவளுக்கு உடை மாற்றும்போது பார்த்தேன், இடது கெண்டைக்காலில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். இன்ஜின் சூடு சீட்டுக்கு அடியிலிருந்து வந்திருக்கிறது. வெந்தது அவளுக்கே தெரியவில்லை. மருந்து போட்டு மறைத்துவிடலாம் என்றாள். காலை எடுக்கிற அளவுக்குப் போகலாம், இதை மறைக்க மாட்டேன் என்று சொல்லி நான் என் கணவரைக் கூப்பிட்டேன்.

அவர் பார்த்தார். சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ உன்ன மலையிலேருந்து சுமந்துட்டு வர என்னால முடியாது," என்றார்.

"நான் விழுந்தது சுவர் இடிஞ்சதால. வண்டியால இல்ல."

"எதால விழுந்தா என்ன?"

"நான் வீட்டுக்குள்ள உக்காந்தா உனக்கு நிம்மதி. அந்த நிம்மதிய என்னால தர முடியாது அண்ணா."

அவர் வெளியே போனார். வண்டி ஏன் நின்றது என்று சர்வீஸ் சென்டரில் அவரே விசாரித்தார். கம்ப்யூட்டர் போயிருக்கும், மொத்தமாக மாற்ற வேண்டும், ஆனால் கம்பி வைத்த வண்டிக்கு நாங்கள் மாற்ற மாட்டோம் என்றார்களாம். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. வாங்குகிறவரை வரச் சொல்லிவிட்டார்.

அந்த நல்ல மனிதர் வந்தார். ஷெட்டுக்குள் என் நாத்தனார் பக்கியின் முன்சக்கரத்தை ஒட்டி நாற்காலியை நிறுத்தி, அதன் பிரேக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சுற்றி வந்து டயரைத் தட்டினார். இந்தக் கம்பிகளையெல்லாம் எடுத்துவிட்டால் பரவாயில்லை என்று என் கணவரிடம் சொன்னார். அவளிடம் சொல்லவில்லை.

"வண்டி என் பேர்ல இருக்கு," என்றாள் அவள். "நான் விக்கல. வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் கொண்டுவரப் போனேன். அந்த மனிதர் குடித்துவிட்டுப் போனார்.

அழுக்குத் துணிக்கூடையைத் துழாவும்போது என் கணவருடைய சட்டைப் பையில் சாவி இருந்தது. எடுத்துக்கொண்டு போய் அவள் மடியில் போட்டேன்.

"சட்டையத் துவைக்கப் போட்டேன். இது இருந்துச்சு," என்றேன்.

அவள் நன்றியெல்லாம் சொல்லவில்லை. "அண்ணி, பழைய சாக்கு ஒண்ணு எடுத்துட்டு வாங்க. வண்டிக்கு அடியில படுக்கணும்," என்றாள்.

அன்றிலிருந்து நான் அவளுக்குக் கண்ணாகவும் காலாகவும் ஆனேன். மிக்ஸி ஓடாவிட்டால் தலையில் தட்டுவதுதான் எனக்குத் தெரிந்த ரிப்பேர். இப்போது சாக்கில் மல்லாந்து படுத்து, கறுப்புக் குழாய் எங்கே போகிறது, எந்த ஒயர் உரசியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியிலிருந்து கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக ஒதுக்கினாள். காற்று வடிகட்டி சுத்தமாக இருந்தது. பெட்ரோல் ஒழுங்காக வந்தது. பிளக் சரி. இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற பெல்ட்டும் சரி. கம்ப்யூட்டர் போயிருந்தால் முற்றத்திலும் ஓடியிருக்கக் கூடாதே என்பதுதான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது. மேட்டில் மட்டும் ஏன்?

ஒருநாள் சாயங்காலம், அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாவியை மட்டும் திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல் நெம்புகோலை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தேன். சுவரில் சிவப்பாக வெளிச்சம் விழுந்தது.

"பிரேக்க ஏன் புடிக்கிற?" என்று கேட்டேன்.

"புடிக்கலையே."

"பின்னாடி சிவப்பு எரியுதே."

அவள் மறுபடி இழுத்துப் பார்த்தாள். மெதுவாக இழுத்தால் எரியவில்லை. முழுதாக இழுத்தால் எரிந்தது. அவள் பட்டையைக் கழற்றிக் குனிந்து, கையால் தடவிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நெம்புகோலைத் தாங்கும் சட்டம் மெல்லிய தரைத்தகட்டில் நின்றது. முழு பலத்தோடு இழுத்தால் தகடு முறுக்கி, சட்டம் சாய்ந்து, பிரேக் கம்பி பெடலை மயிரிழை அளவு தொட்டுவிடுகிறது. பிரேக் பிடிப்பதற்கு அது போதாது. ஆனால் பிரேக் பிடிப்பதாக வண்டியை நம்பவைக்கப் போதும். ஒரே நேரத்தில் பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் மிதிக்கிறார் ஒரு பைத்தியம் என்று நினைத்து, பக்கி தன் இன்ஜினைத் தானே அடக்கிக்கொண்டிருக்கிறது. சமதரையில் யாரும் முழுதாக இழுப்பதில்லை. மேட்டில் எல்லோரும் வண்டிக்குப் பக்கத்தில் ஓடினார்களே தவிர, பின்னால் யாரும் நிற்கவில்லை.

வெல்டர் வந்து பார்த்தார். ஓடும் என்று நான் அப்போதே சொல்லவில்லையே என்றார். சட்டத்தைத் தரையிலிருந்து பிரித்துக் கூண்டின் குழாயோடு சேர்த்துப் பற்றவைத்தார். பிரேக் கம்பியின் நுனியில் துளையை நீளமாக்கி, பெடலுக்கு ஒரு இழுப்பு ஸ்பிரிங் போட்டார். சூட்டுக்குச் சீட்டின் பின்னாலும் அடியிலும் கண்ணாடிப் பஞ்சு வைத்து அலுமினியத் தகடு அடித்தார்கள். கெட்டித் தோல் பூட்ஸ் முழங்கால் வரை. அதற்கு மேலும் அவளே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டாள். எங்கே நிறுத்தினாலும் முதலில் கையை விட்டுத் தன் கால்களைத் தொட்டுப் பார்ப்பாள், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

கொப்புளம் ஆறிய பிறகு ஏறினாள். காலை வேளை. என் கணவர் கேட்டருகில் நின்றிருந்தார். நான் சாவி கொடுத்தது அவருக்கு அதற்குள் தெரிந்திருந்தது. என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். அவள் அவரைத் தாண்டிப் போனாள். செங்குத்தில் இன்ஜின் சத்தம் கனத்தது, திணறவில்லை. வளைவுக்கு வளைவு சத்தம் மேலே போய்க்கொண்டே இருந்தது. அவர் அது கேட்கும்வரை நின்றுவிட்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவள் தினமும் ஏறினாள். அவரும் தினமும் காலையில் அதே கேட்டருகில் ஏதாவது ஒரு கொம்பை வெட்டிக்கொண்டு நின்றார். அந்த வேலிச்செடி மொட்டையாகிவிட்டது.

பழம் பறிக்கிற சமயம் வந்தது. கீழே கொட்டகையில் நாங்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தோம். அவள் காலிக் கூடைகளோடு மேலே போயிருந்தாள். திடீரென்று இன்ஜின் அலறியது; சக்கரம் சுற்றாமல் இன்ஜின் மட்டும் அலறுகிற சத்தம். பிறகு அதுவும் நின்றது. என் கணவர் கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டு ஓடினார். நானும் ஓடினேன். ஏறிக்கொண்டே போன் போட்டேன், எடுக்கவில்லை.

நடுவளைவில், கொஞ்சம் சமமாக இருக்கிற இடத்தில் பக்கி நின்றிருந்தது. ரப்பர் கருகிய வாடை. சீட்டில் அவள் இல்லை. வண்டியைச் சுற்றி ஓடினேன். பிறகு பார்த்தால், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் சாக்கைப் போட்டு, தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களையும் நேராக நீட்டிப் பக்கவாட்டில் ஒதுக்கி வைத்திருந்தாள். முழங்கை வரை கறுப்பு. இன்ஜின் பக்கத்து மூடியின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

என் கணவர் அவளைத் தூக்கக் குனிந்தார்.

"தொடாத."

"தரையில கெடக்க. நான் போய் ஆளக் கூட்டிட்டு..."

"கெடக்கல. உக்காந்திருக்கேன். பெல்ட் அறுந்துடுச்சு, மாட்டிட்டு வரேன். போன் எடுக்கலைன்னா கை வேலையா இருக்குன்னு அர்த்தம்."

அவர் நிமிர்ந்து நின்றார். கோபமா அழுகையா என்று சொல்ல முடியாத முகம். அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. கழற்றிய போல்ட்டைத் தரையில் வைத்தாள். அது சரிவில் உருண்டது. அவர் காலால் மறித்து எடுத்தார். அடுத்த போல்ட்டை அவள் திரும்பாமலே பின்னால் நீட்டினாள். அவர் உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டார். அதற்கடுத்ததையும் வாங்கினார். பிறகு அவரே கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மூடிக்குள்ளே பெல்ட் நாராகக் கிழிந்து, அது ஓடுகிற உருளைகளில் முடிபோலச் சுற்றியிருந்தது. ஒரு நூல் மிச்சமிருந்தாலும் புதிய பெல்ட்டையும் தின்றுவிடும் என்று சொல்லி, அவள் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். விரல் எட்டாத இடத்தில் இருந்ததை அவர் குச்சியால் குத்தி எடுத்தார். அவள் கையை விலக்கி இடம் விட்டாள். பெரிய போல்ட் ஒன்றைத் திருகிப் பின் உருளையின் வாயை விரித்தாள். சீட்டுக்கு அடியில் எப்போதும் வைத்திருக்கிற மாற்று பெல்ட்டை, அதிலிருந்த அம்புக்குறியின் திசை பார்த்து மாட்டினாள். ஏன் அறுந்தது என்று அவர் கேட்டார். மேட்டில் லோ கியர் போடாமல் வந்தேன், என் தப்பு, அடுத்த தடவை போடுவேன் என்றாள்.

அடுத்த தடவை என்ற வார்த்தையைக் கேட்டும் அவர் கையிலிருந்த போல்ட்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினார், அவள் மூடியை மாட்டினாள்.

ஏறுவதுதான் கஷ்டமாக இருந்தது. கைகளை ஊன்றி நகர்ந்து சீட்டுக்குக் கீழே வந்து, கூண்டில் தொங்கிய வாரைப் பிடித்து உடம்பைத் தூக்கினாள். சீட்டின் விளிம்பு வரை வந்து சறுக்கிக் கீழே உட்கார்ந்தாள். என் கணவரின் கைகள் தானாக முன்னால் வந்தன. அவர் அவற்றைப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டாவது முறையும் சறுக்கியது. என்னால் பார்க்க முடியவில்லை. மரத்தில் பழுத்துத் தொங்கிய ஆரஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சை இழுத்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள், அண்ணன் பக்கத்தில் இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல். திரும்பியபோது சீட்டில் இருந்தாள். கால்களை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி உள்ளே வைத்து, பூட்ஸைத் தொட்டுப் பார்த்து, பட்டைகளை மாட்டினாள்.

இன்ஜின் பிடித்தது. லோ கியரைப் போட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் பார்த்தாள்.

"ஏறு," என்றாள் அண்ணனிடம்.

"நான் நடந்து வரேன்."

"மேல ரெண்டு வரிசை பறிக்காம கெடக்கு. ஆளில்ல. ஏறு."

அவர் பக்கத்து சீட்டில் ஏறினார். அந்த வண்டியில் அவர் அதுவரை ஏறியதே இல்லை. சீட் பெல்ட்டை எங்கே மாட்டுவது என்று தெரியாமல் தேடினார். அவள் எட்டி மாட்டிவிட்டாள். நான் பின்தொட்டியில் காலிக் கூடைகளோடு உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சக்கரங்கள் கல்மேல் ஏறி இறங்க, என் பல்லெல்லாம் ஆடியது.

"மெதுவா," என்றார் அவர்.

"மெதுவாத்தான் போறேன்."

"இதுக்குப் பேரு மெதுவா?"

"எறங்கி நடக்குறியா?"

அவர் இறங்கவில்லை. அடுத்த மேடு வந்தபோது முன்கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பாதிக்கும் இந்த வருஷம் பூச்சிமருந்து டேங்கை இதிலேயே வைத்து அடிக்க முடியுமா என்று கேட்டார். வாடகைக்குத்தான் வரும், பெட்ரோல் உன்னுடையது என்றாள் அவள். அதற்கு அவர் ஏதோ சொன்னார், அதற்கு அவள் ஏதோ சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் எனக்குப் பாதிதான் கேட்டது. மேல்தட்டு போய்ச் சேரும்வரை இரண்டு பேரும் விடாமல் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.